விவாத இழை: ஸ்டெனோ ஹாரா – 65 அங்குல ஸ்டிக்கும் 1,680 ஆட்டமும்

வெண்பனி (இழையைத் தொடங்கியவர்)

ஸ்லோவாக்கிய ஐஸ் ஹாக்கி டிஃபென்ஸ்மன் (தற்காப்பு வீரர்) ஹாராவை 2025இல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்ததிலிருந்து பழைய வீடியோக்கள் வரிசையாக வருகின்றன. எல்லாவற்றிலும் அதே இரண்டு எண்தான்: உயரம் 6 அடி 9 அங்குலம், ஷாட் வேகம் மணிக்கு 108.8 மைல். வட அமெரிக்க ஹாக்கி லீகான என்.எச்.எல்.லில் ஆடியவர்களிலேயே உயரமானவர் என்பது சரி. ஆனால் உயரம் இருந்தும் இரண்டே சீசனில் காணாமல் போன டிஃபென்ஸ்மன்கள் எத்தனையோ பேர். இவர் 24 சீசன், 1,680 ஆட்டம் ஆடியிருக்கிறார், 45 வயது வரை.

எனக்கு மூன்று சந்தேகம். முதல் அணியான நியூயார்க் ஐலண்டர்ஸில் நான்கு வருடம் இருந்தும் ஏன் எடுபடவில்லை? அடுத்த அணியான ஒட்டாவா அவரை ஏன் கைவிட்டது? அந்த நீள ஸ்டிக் களத்தில் உண்மையில் என்ன வேலை பார்த்தது? "உயரம் அதனால எட்டும்" என்று ஒற்றை வரியில் முடிக்காமல் விவரமாகச் சொல்லுங்கள்.

நீலக்கோடு

ஸ்டிக்கிலிருந்தே ஆரம்பிக்கிறேன், மற்றதெல்லாம் அதற்குள்தான் இருக்கிறது.

விதிப்படி ஸ்டிக்கின் தண்டு, அடிக்குதியிலிருந்து (தண்டு பிளேடோடு சேரும் இடம்) மேல்நுனி வரை, 63 அங்குலத்தைத் தாண்டக்கூடாது. 6 அடி 6 அங்குலமோ அதற்கு மேலோ உயரமுள்ளவர் லீகிடம் கேட்டு வாங்கினால் 65 வரை போகலாம். ஹாரா அந்தச் சலுகையில் ஆடியவர். இரண்டு அங்குலம் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். அது நீண்டு கிடக்கும் கையின் முனையில் சேரும் இரண்டு அங்குலம் என்பதை மறக்க வேண்டாம்.

எதிரணி ஃபார்வர்ட் (தாக்கி ஆடுபவர்) பக்கோடு (ஆட்டத்தின் ரப்பர் வட்டு) வரும்போது டிஃபென்ஸ்மன் பின்னோக்கிச் சறுக்குகிறார். இருவருக்கும் இடையிலுள்ள தூரத்தைத்தான் கேப் என்கிறோம். சாதாரண டிஃபென்ஸ்மன் புளூ லைன் (தன் அணியின் தற்காப்புப் பகுதி தொடங்கும் நீலக் கோடு) வரும்போது இந்த கேப்பை ஒரு ஸ்டிக் நீளத்துக்குக் குறைக்கப் பார்ப்பார். அதைவிட அதிகம் விட்டால் ஷாட் அடித்துவிடுவான், குறைத்தால் தாண்டிப் போய்விடுவான். ஹாராவால் அரை மீட்டர் அதிகமாக விட்டுக்கொடுக்க முடிந்தது. விட்டும் பக் அவர் ஸ்டிக்குக்கு எட்டும் தூரத்திலேயே இருந்தது. அந்த அரை மீட்டர்தான் அவருடைய வேகக் குறைவை மறைத்த துணி.

செய்முறை இதுதான். ஸ்டிக்கை ஒரே கையில் பிடித்து, முழங்கையை மடக்கி உடம்போடு ஒட்டி வைத்திருப்பார். பிளேடு பனியை விட்டு எழும்பாது. கண் பக்கில் இருக்காது, வருபவன் மார்பில் இருக்கும். உடம்பை ரிங்கின் (பனித்தளத்தின்) நடுப்பக்கம் வைத்து, "வெளியே போ, போர்ட்ஸ் பக்கம் (சுற்றுச்சுவர்ப் பக்கம்) போ" என்று வழிகாட்டுவது போல நிற்பார். வருபவன் தன் கைக்கு வசதியாகப் பக்கை நகர்த்தும் நொடியில்தான் முழங்கை நீளும். முதலிலேயே கையை நீட்டி வைத்திருந்தால் அவ்வளவு நீள ஸ்டிக்கும் வீண், ஏனென்றால் எதுவரை எட்டும் என்பது எதிராளிக்குத் தெரிந்துவிடுகிறது.

கணக்குப்பிள்ளை

எட்டும் தூரத்தைப் பற்றி ஒரு கணக்கு. 65 அங்குலம் என்றால் 1.65 மீட்டர். கை நீளம் ஏறக்குறைய 0.9. கூட்டினால் 2.55 மீட்டர். பலரும் இதை அப்படியே எட்டும் தூரம் என்று எழுதுகிறார்கள், தப்பு. ஸ்டிக் சாய்வாக அல்லவா கீழே இறங்குகிறது? குனிந்த நிலையில் தோள் 1.3 மீட்டர் உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொண்டால் பனியின் மீது கிடைப்பது 2.2 மீட்டர்தான். பிளேடையும் சேர்த்தால் இரண்டரை. இரண்டு பக்கமும் வீசினால் ஐந்து மீட்டர்.

என்.எச்.எல். ரிங்கின் அகலம் 85 அடி, அதாவது 25.9 மீட்டர். ஒரே ஆள் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கை அடைத்துவிடுகிறார்.

நீலக்கோடு

சரியான திருத்தம். அதிலிருந்து இன்னொன்றும் புரிகிறது: இடுப்பை எவ்வளவு தாழ்த்துகிறாரோ அவ்வளவு தூரம் எட்டும். இளம் வயது ஹாரா நிமிர்ந்து நின்று ஆடுவார். முழங்கால் மடிந்த பிறகுதான் ஸ்டிக் நீண்டது.

கிழக்குரொறன்ரோ

முதல் கேள்விக்கு வாறன்.

உயரம் எண்டது தொடக்கத்தில அவருக்குச் சுமைதான். சொந்த ஊர் ட்ரென்ச்சீனில சின்ன வயசிலேயே "கூடைப்பந்துக்குப் போ" எண்டு சொல்லியிருக்கினம். தகப்பன் கிரேக்க-ரோமன் மல்யுத்தக்காரர், 1976 மொன்றியல் ஒலிம்பிக்கில செக்கோஸ்லோவாக்கியாவுக்காக மல்லுக்கட்டினவர். பெடியனுக்குக் காலும் இடுப்பும் பலப்பட்டது அந்த வீட்டுப் பயிற்சியிலதான்.

1996 டிராஃப்டில (அணிகள் முறை வைச்சுப் புது ஆக்களைத் தெரிவு செய்யிறது) ஐலண்டர்ஸ் மூண்டாம் சுற்றில, 56ஆவது ஆளாய் எடுத்தது. உடன என்.எச்.எல்.லுக்கு வரேல்லை. ஒரு சீசன் பிரின்ஸ் ஜோர்ஜ் கூகர்ஸில, மேற்கு கனடா ஜூனியர் லீக். ஐரோப்பாவில அப்ப ரிங்க் 30 மீட்டர் அகலம், இங்க 26 கூட இல்லை. அங்க ஒரு பக்கத்தால போறவனைத் துரத்திப் பிடிக்க இடம் இருக்கும். இங்க அரைச் செக்கனில போர்ட்ஸ் வந்திடும், திரும்பிறதுக்குள்ள அடி விழும். உயரமான ஆளுக்குப் பின்னோக்கிச் சறுக்கேக்க திரும்பிறதுதான் பெரிய கஷ்டம். பாரம் மேல இருக்கு, கால் நீளம், ஒரு காலை மற்றக் காலுக்குக் குறுக்கால போட எடுக்கிற நேரமும் கூட. அதைச் சீராக்க அவருக்கு நாலு வருசம் பிடிச்சது.

ஐலண்டர்ஸில 231 ஆட்டம், 6 கோல். அந்த வருசங்களில அணியே அடித்தட்டில கிடந்தது. ஆறுதலாய்ப் பழக்க நல்ல சோடி ஆளும் இல்லை. "எடுபடேல்லை" எண்டு சொல்லாதேங்கோ, பாதி வெந்த சோத்தை இறக்கி வைச்சவை எண்டு சொல்லுங்கோ.

கணக்குப்பிள்ளை

இறக்கி வைத்தது மட்டுமா, பாத்திரத்தோடு தூக்கிக் கொடுத்தார்கள். 2001 ஜூன் டிராஃப்ட் சமயம். ஐலண்டர்ஸ் பொது மேலாளர் மைக் மில்பரி, ஒட்டாவாவின் ஃபார்வர்ட் அலெக்சி யாஷினை வாங்க அந்த அணிக்குக் கொடுத்தது: ஹாரா, பில் முக்கால்ட், அந்த வருடத்தின் 2ஆவது தேர்வு. அந்தத் தேர்வில் ஒட்டாவா எடுத்தது ஜேசன் ஸ்பெஸாவை. யாஷினுக்கு ஐலண்டர்ஸ் எழுதிய ஒப்பந்தம் 10 வருடம், 8.75 கோடி டாலர். 2007இல் மிச்சத்தை பைஅவுட் செய்து (ஒரு பகுதிக் காசைக் கொடுத்து ஒப்பந்தத்தை முடித்து) அனுப்பினார்கள். அந்த பைஅவுட் தவணை 2014–15 சீசன் வரை அவர்கள் கணக்கில் ஓடியது. அதற்குள் ஹாரா சிறந்த டிஃபென்ஸ்மனுக்கான நோரிஸ் கோப்பையும் லீக் பட்டமான ஸ்டான்லி கப்பும் வாங்கி முடித்துவிட்டார்.

வெண்பனி

அப்படியென்றால் ஒட்டாவா செய்ததும் அதே தப்புதானே? 2006இல் சும்மா விட்டுவிட்டார்களே.

கணக்குப்பிள்ளை

இல்லை, அது வேறு கதை. மில்பரி செய்தது ஆளை எடை போடுவதில் தப்பு. ஒட்டாவாவுக்கு ஹாரா யாரென்று நன்றாகவே தெரியும். 2003–04இல் நோரிஸ் இறுதிப் பட்டியலில் இருந்தவர், லீகின் முதல் ஆல்ஸ்டார் அணியில் இடம் பிடித்தவர். சிக்கல் சம்பள உச்சவரம்பு. அணி முதலாளிகள் ஆட்டத்தையே நிறுத்திவைத்த லாக்அவுட் முடிந்து வந்த புது ஏற்பாடு, 2006–07இல் ஓர் அணிக்கு 4.4 கோடி டாலர். இன்னொரு டிஃபென்ஸ்மன் வேட் ரெடன், ஹாரா இருவருக்கும் ஒரே கோடையில் ஒப்பந்தம் முடிகிறது. இருவரையும் வைத்துக்கொண்டால் கோல் அடிப்பவர்களுக்குக் காசு மிஞ்சாது. ரெடனுக்கு 2 வருடம், 1.3 கோடி கொடுத்தார்கள்.

ஜூலை 1 அன்று பாஸ்டன் ஹாராவுக்கு 5 வருடம், 3.75 கோடி கொடுத்தது. வருடத்துக்கு 75 லட்சம், அணியின் மொத்த வரம்பில் 17 சதவீதம். ஒரே டிஃபென்ஸ்மனுக்கு! பாஸ்டனின் புதுப் பொது மேலாளர் பீட்டர் சியரெல்லி அதுவரை ஒட்டாவாவில் உதவி மேலாளராக இருந்தவர் என்பதைச் சேர்த்துப் படியுங்கள். சமையலறைக்குள் இருந்தவருக்குத்தான் எந்தப் பானையில் எது இருக்கிறது என்று தெரியும்.

கிழக்குரொறன்ரோ

ரெடனைக் குறைச்சுப் பேசக்கூடாது. அந்த நேரம் பக்கை வெளியில எடுத்துக்குடுக்கிறதில ரெடன் ஒரு படி மேல. லாக்அவுட்டுக்குப் பிறகு ரெண்டு லைனுக்குக் குறுக்கால நீளப் பாஸ் குடுக்கலாம் எண்டு விதி மாறினது, அப்ப பாஸ் குடுக்கிறவனுக்குத்தான் விலை எண்டு ஒட்டாவா நினைச்சது. விளங்கக்கூடிய கணக்குத்தான், ஆனா பிழைச்சுப் போச்சு.

அவை கவனிக்காதது மற்ற விதி மாற்றத்தை. ஸ்டிக்கால கொழுவி இழுக்கிறது, பிடிக்கிறது எல்லாத்துக்கும் கண்டபடி பெனால்டி குடுக்கத் தொடங்கிச்சினம். அதுவரை வேகமில்லாத டிஃபென்ஸ்மன்கள் எல்லாம் கொழுவித்தான் பிழைச்சவை. அவை எல்லாருக்கும் பிழைப்புப் போச்சு. கொழுவாமல், பிளேட்டைப் பனியில வைச்சுக்கொண்டே பக்கை மட்டும் தட்டக்கூடிய நீளம் உள்ளவருக்கு விலை ஏறினது.

நீலக்கோடு

முழுசா ஒத்துப்போகிறேன், ஒரு சேர்க்கையோடு. பாஸ்டன் முதல் வருடமும் பார்க்க அழகாக இல்லை. கேப்டன் பட்டையைக் கொடுத்து, ஆட்டத்துக்குச் சராசரி 28 நிமிடம் ஓடவிட்டார்கள். ஒரு ஷிப்ட் (ஒரு தடவை பனியில் இறங்கி ஆடுவது) 45 நொடி என்றால் 37 ஷிப்ட்! ப்ளஸ்/மைனஸ் (அவர் பனியில் இருந்தபோது அணி அடித்த கோலுக்கும் வாங்கிய கோலுக்கும் உள்ள வித்தியாசம்) மைனஸ் 21. டிஃபென்ஸ்மன் களைத்தால் முதலில் போவது முழங்கால் மடிப்பு. மேலே கணக்குப்பிள்ளை போட்ட கணக்கைப் பாருங்கள், முழங்கால் நிமிர்ந்தால் எட்டும் தூரம் குறைகிறது, ஸ்டிக் தாமதமாகப் போகிறது, இரண்டு நிமிடம் பெனால்டி பெட்டியில்.

2007இல் கிளாட் ஜூலியன் பயிற்சியாளராக வந்தார். நிமிடம் குறைந்தது, வேலை கடினமானது: எதிரணியின் முதல் வரிசை பனியில் இறங்கினால் ஹாராவும் இறங்குவார். 2008–09இல் 19 கோல், 31 அசிஸ்ட், நோரிஸ் கோப்பை.

பனிச்சில்லு

இடையில் நுழைகிறேன். எல்லோரும் தற்காப்பையே பேசுகிறீர்கள். 2012இல் ஒட்டாவாவில் அடித்த அந்த 108.8 மைல் ஷாட்டை விட்டுவிட்டு ஹாராவைப் பேசலாமா? பவர் பிளேயில் (எதிரணிக்கு ஆள் குறைந்திருக்கும் நேரத்தில்) அதுதானே ஆயுதம்?

நீலக்கோடு

போட்டி ஷாட்டையும் ஆட்ட ஷாட்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். திறன் போட்டியில் பக் அசையாமல் கிடக்கிறது, முன்னால் ஆள் இல்லை, ஓடி வந்து முழு எடையையும் இறக்கலாம். 2009இல் மொன்றியலில் 105.4 மைல் அடித்து அல் ஐஃப்ரேட்டின் 1993 சாதனையை 0.2 மைலில் தாண்டினார். 2011இல் ராலேயில் 105.9. அடுத்த வருடம் 108.8, கிலோமீட்டரில் 175.

ஸ்லாப் ஷாட்டில் (ஸ்டிக்கை ஓங்கி அடிக்கும் ஷாட்) பிளேடு நேராகப் பக்கை அடிப்பதில்லை. பக்குக்குச் சில அங்குலம் முன்பே பனியை அடிக்கிறது. தண்டு வில்லாக வளைகிறது. அந்த வளைவு நிமிரும்போதுதான் பக் கிளம்புகிறது. எடை குறைந்தவர் விறைப்பான தண்டை எடுத்தால் வளையவே வளையாது, ஷாட் செத்துப்போகும். 113 கிலோ ஆள் மெலிந்த தண்டை எடுத்தால் அதிகமாக வளைந்து குறி தப்பும், இல்லையென்றால் கையிலேயே ஒடியும். அதனால் அவருடையது மற்றவர்களுடையதைவிட மிக விறைப்பானது. எடையும் நெம்புகோல் நீளமும் விறைப்பும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும். சும்மா விறைப்பான ஸ்டிக் வாங்கினால் ஷாட் வேகமாகாது.

ஆட்டத்தில் இதன் குறை, ஸ்டிக்கைப் பின்னால் ஓங்க நேரம் பிடிக்கிறது. ஓங்குவதைப் பார்த்ததும் எதிரணி ஃபார்வர்ட் வழியில் விழுந்து தடுப்பான். காலில் பட்டால் எலும்பு போகும் என்று தெரிந்தே விழுவார்கள். பாதி ஷாட் கோலியிடம் (கோல்காப்பாளரிடம்) போய்ச் சேராது.

கணக்குப்பிள்ளை

புளூ லைனிலிருந்து கோல் கோட்டுக்கு 64 அடி, 19.5 மீட்டர். 108.8 மைல் என்றால் நொடிக்கு 48.6 மீட்டர். குறையாத வேகம் என்று வைத்தால் 0.4 நொடி.

நீலக்கோடு

அந்த 0.4 நொடியும் கோலிக்குப் பக் தெரிந்தால்தான். அதனால்தான் ஜூலியன் 2013–14இல் தலைகீழாக யோசித்தார். பவர் பிளேயில் புளூ லைனில் டோரி க்ரூக்கை நிறுத்தினார், ஹாராவைக் கோலிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். ஸ்கேட்டோடு ஏழடி ஆள் முன்னால் நின்றால் கோலி எந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பது? கோலியின் நீல வட்டத்துக்குள் கால் வைக்காமல் அதன் விளிம்பில் நிற்பார், முதுகைக் கோலிக்குக் காட்டியபடி, பிளேடு பனியில். தெறித்து வந்ததைத் தள்ளுவதற்கு அந்த நீள ஸ்டிக். அந்த சீசனில் 17 கோல், அதில் 10 பவர் பிளேயில். லீகிலேயே பலமான ஷாட் உள்ளவரை ஷாட் அடிக்காத இடத்தில் நிறுத்தி எடுத்த பலன்.

பனிச்சில்லு

இது தெரியாது. சரி, நீள ஸ்டிக்கால் நஷ்டமே இல்லையா?

கிழக்குரொறன்ரோ

ஏன் இல்லை. பக் காலுக்குள்ள வந்தா கஷ்டம். நீளத் தண்டோட காலடியில கிடக்கிறதை எடுக்க முழங்கை மேல எழும்ப வேணும், அதுக்குள்ள ஒருத்தன் வந்து தள்ளிப்போடுவான். வேகமான சின்னப் பெடியள் அவரைச் சுத்திப் போறதில்லை. நேரா ஸ்டிக்குக்கும் காலுக்கும் இடையில இருக்கிற முக்கோணத்துக்குள்ள பக்கை இழுத்துக்கொண்டு உள்ளுக்கு வெட்டுவினம். கடைசி வருசங்களில கனதரம் நடந்தது. 2017இலிருந்து சார்லி மக்காவோய் மாதிரி ஓட்டமும் பாஸும் உள்ள இளம் ஆளைப் பக்கத்தில போட்டதும் உதுக்காகத்தான்: பக்கை வெளியில எடுக்கிறது மக்காவோய், வழி மறிக்கிறது ஹாரா.

மற்றது அடி. இவருடைய தோளும் முழங்கையும் மற்ற ஆக்களின்ர தலை உயரத்தில. குனிஞ்சு அடிச்சாலும் மேலதான் படும்.

பனிச்சில்லு

அப்படியென்றால் பாச்சியோரெட்டி விவகாரம்?

கணக்குப்பிள்ளை

அது தலை உயர விவகாரம் அல்ல. 2011 மார்ச் 8, மொன்றியல். பெஞ்சை ஒட்டிய போர்ட்ஸ் ஓரமாக மொன்றியல் வீரர் மேக்ஸ் பாச்சியோரெட்டி பக்கை முன்னால் தள்ளிவிட்டு ஓடுகிறார், ஹாரா போர்ட்ஸில் அழுத்துகிறார். பெஞ்சின் முன்னால் கண்ணாடி கிடையாது, பெஞ்ச் முடிகிற இடத்தில் ஒரு கம்பத்தோடு கண்ணாடி ஆரம்பிக்கிறது. தலை நேராக அந்தக் கம்பத்தில். கழுத்தெலும்பில் முறிவு, மூளை அதிர்ச்சி. நடுவர் கொடுத்தது இன்டர்ஃபியரன்ஸுக்கு (பக் இல்லாதவரைத் தடுப்பது) 5 நிமிடமும் ஆட்டத்திலிருந்து வெளியேற்றமும். லீக் மேற்கொண்டு தடை விதிக்கவில்லை. அடுத்த சீசனிலிருந்து அந்த முனையில் வளைந்த கண்ணாடி வந்தது. மோதினால் வழுக்கிக்கொண்டு போகும், முட்டிக்கொண்டு நிற்காது.

வேண்டுமென்றே செய்தாரா என்ற விவாதம் பதினைந்து வருடமாக நடக்கிறது.

மட்டுறுத்துநர்

அதை இங்கே மறுபடி ஆரம்பிக்க வேண்டாம். தலைப்புக்குத் திரும்புங்கள்.

வெண்பனி

மூன்று கேள்விக்கும் பதில் வந்துவிட்டது, நன்றி. ஒரே ஒரு தொடரை உட்கார்ந்து பார்ப்பதென்றால் எதைப் பார்க்கலாம்?

நீலக்கோடு

2011 இறுதித் தொடர், வான்கூவருக்கு எதிராக. யோசிக்கவே வேண்டாம். வான்கூவரின் செடின் இரட்டையர்கள்தான் அன்றைக்கு லீகிலேயே மோசமான தலைவலி. புளூ லைனுக்குள் புகுந்து, சுவரோரம் ஒருவருக்கொருவர் கண்ணைப் பார்க்காமலே பாஸ் போட்டு சுற்றிச் சுற்றி வருவார்கள். ஹாரா–டெனிஸ் சைடன்பெர்க் சோடி அந்தச் சுற்றுக்கு இடமே கொடுக்கவில்லை. ஹாரா சுவரோரம் போய் அணைத்துவிடுவார், பாஸ் வரும் தடத்தில் ஸ்டிக். சைடன்பெர்க் கோலுக்கு முன்னால். இரண்டாவது பாஸ் போட வழி இருக்காது. ஏழு ஆட்டத்தில் வான்கூவர் அடித்தது மொத்தம் 8 கோல். பாஸ்டன் கோலி டிம் தாமஸின் கோல்காப்பு முதல் காரணம், மறுக்கவில்லை. ஆனால் தாமஸுக்கு வந்த ஷாட்டுகள் எங்கிருந்து வந்தன என்று கவனியுங்கள்.

கிழக்குரொறன்ரோ

பாக்கேக்க ஒரு விசயம் கவனியுங்கோ. சொந்த மண்ணில ஆடுற அணிக்குத்தான் கடைசியா ஆள் மாத்துற உரிமை. பொஸ்ரனில ஜூலியனுக்குச் சுகம்: செடின்கள் இறங்கினதும் ஹாராவை இறக்கலாம். 8–1, 4–0, 5–2. வான்கூவரில உரிமை மற்றப் பக்கம், முதல் மூண்டு ஆட்டமும் ஒவ்வொரு கோலால பொஸ்ரன் தோத்தது. ஏழாவது ஆட்டமும் வான்கூவரில, 4–0. அதில ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கேக்கயே பெஞ்சுக்கு ஓடி ஓடி ஆள் மாத்தி ஹாராவை எப்பிடிக் கொண்டுவந்து சேர்க்கினம் எண்டு பாருங்கோ. பக்கைப் பாக்காமல் பெஞ்சைப் பாக்கவேணும்.

ஐரோப்பாவில பிறந்து வளர்ந்து ஆட்டம் பழகின கப்டன் ஸ்ரான்லி கப் தூக்கினது அது இரண்டாம் முறை. முதலாவது 2008இல லிட்ஸ்ட்ரோம்.

பனிச்சில்லு

தேசிய அணிக்கு? ஸ்லோவாக்கியா 2002இல் உலக சாம்பியன் ஆனபோது இவர் இருந்தாரா?

கிழக்குரொறன்ரோ

இல்லை. அந்த நேரம் ஒட்டாவாவோட பிளேஓவில (சீசன் முடிஞ்சு ஸ்ரான்லி கப்புக்கு ஆடுற சுற்றுகள்) நிண்டவர். என்.எச்.எல். ஆக்களுக்கு இதுதான் வில்லங்கம்: பிளேஓவில தோத்தாத்தான் மே மாசம் நாட்டுக்குப் போகலாம். 2012இல பொஸ்ரன் முதல் சுற்றிலயே வெளிய வந்தபடியால் ஹெல்சிங்கிக்குப் போனார். இறுதியாட்டத்தில ரஷ்யாவிட்ட 6–2. அந்த இரண்டும் இவர் அடிச்சதுதான். 2000இலும் வெள்ளி. 2010 வான்கூவர் ஒலிம்பிக்கில வெண்கல ஆட்டத்தில ஃபின்லாந்துக்கு எதிரா 3–1 எண்டு முன்னுக்கு நிண்டு 5–3 எண்டு தோத்தது இண்டைக்கும் அங்க ஆற்றாமை.

கணக்குப்பிள்ளை

2016 உலகக் கோப்பையையும் சேருங்கள். ஐரோப்பா அணியில் ஆடி, கனடாவுக்கு எதிரான இறுதியின் இரண்டாவது ஆட்டத்தில் முதல் கோல் ஹாராவுடையது. கடைசி நிமிடத்தில், கனடா ஓர் ஆள் குறைவாக ஆடும்போது, வெற்றிக் கோலை அடித்தவர் பிராட் மார்ச்சண்ட். பாஸ்டனில் ஹாராவின் சொந்த அணித் தோழர்.

வெண்பனி

கடைசி சின்னச் சந்தேகம். பெயர் 'ஹாரா'வா 'சாரா'வா? வர்ணனையில் சாரா என்றுதான் காதில் விழுகிறது.

நீலக்கோடு

ஸ்லோவாக்கில் பெயரின் முதலிலுள்ள 'ch' என்ற இரட்டை எழுத்துக்குத் தொண்டையிலிருந்து வரும் ஒலி, தமிழில் 'ஹ' ஓரளவு கிட்டே வரும். வட அமெரிக்க வர்ணனையாளர்கள் எழுத்தைப் பார்த்து 'சாரா' ஆக்கிவிட்டார்கள். இந்த இழையில் எப்படி எழுதினாலும் சண்டை இல்லை.

பனிச்சில்லு

2019ஐ யாரும் சொல்லவில்லையே. செயின்ட் லூயிஸுக்கு எதிரான நான்காவது ஆட்டத்தில் பக் ஸ்டிக்கில் பட்டுத் தெறித்து முகத்தில் அடித்தது, தாடை உடைந்தது. ஐந்தாவது ஆட்டத்துக்கு முழு முகத்தையும் மூடும் காப்பு போட்டு இறங்கினார். வயது 42.

கணக்குப்பிள்ளை

அதற்கப்புறமும் மூன்று சீசன் ஆடியிருக்கிறாரே. வாஷிங்டனில் 55 ஆட்டம், பிறகு முதலில் விற்ற அதே ஐலண்டர்ஸில் 72. 2022 பிப்ரவரி 24 அன்று சான் ஹோசேயில் 1,652ஆவது ஆட்டம், டிஃபென்ஸ்மன்களில் அதிக ஆட்டம் ஆடியவர் என்ற கிரிஸ் செலியோஸின் சாதனை போனது. ஓய்வு பெற்றதும் ஒருநாள் ஒப்பந்தத்தில் பாஸ்டனுக்கு வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அடுத்த ஏப்ரலில் பாஸ்டன் மாரத்தான்: 3 மணி 38 நிமிடம் 23 நொடி. 42 கிலோமீட்டருக்கும் மேல் அந்த எடையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு எந்த முழங்கால் ஒத்துக்கொள்ளும் என்று யாராவது விளக்கினால் தேவலை.

கிழக்குரொறன்ரோ

மல்யுத்தக்காரன்ர பிள்ளை எண்டு மேல சொன்னனான்தானே.